வீடு, காரை விட்டுட்டா உங்ககிட்ட இருக்கறதுலயே விலை கூடின பொருள் எது?

வேளச்சேரி வாசி

வீட்டுக்கு இன்சூரன்ஸ் போடணும்னு 2015 டிசம்பர்லயே முடிவு பண்ணினேன். கீழ்வீட்டுக்காரங்க ஃப்ரிட்ஜ் ஹால்ல மிதக்கறதை மாடிப்படியில உட்கார்ந்து பார்த்தா யாருக்கும் அந்த முடிவு வரும். வழக்கம்போல தண்ணி வடிஞ்சதும் முடிவும் வடிஞ்சு போச்சு. போன வாரம்தான் ஒரு ஏஜென்ட் மூலமா 'பாரத் கிருஹ ரக்ஷா' எடுக்க உட்கார்ந்தேன். 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி தர்ற பாலிசி. கட்டடத்துக்குப் போடற தொகையில 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் வீட்டுச் சாமான்களுக்குத் தானா கவர் ஆயிடும். நகை, ஓவியம் மாதிரி விலை உயர்ந்ததை மட்டும் தனியா எழுதிக் கொடுக்கணும்.

அதுக்காக ஏஜென்ட் ஒரு தாள் கொடுத்தார். நாலு கட்டம்: பொருள், வாங்கின வருஷம், விலை, வைத்திருக்கும் இடம். நானும் என் மனைவியும் ராத்திரி பேனாவோட வீடு பூரா சுத்தினோம். நகையை ஒதுக்கிட்டுப் பார்த்தா, எங்க வீட்டுல முதலிடம் படுக்கையறை ஏசிக்கு. 46,000 ரூபாய். "பதினெட்டு வருஷம் ரெண்டு பேரும் சம்பாதிச்சு, கடைசியில ஒரு ஏசியா?"ன்னு அவ சிரிச்சா. எனக்கு சிரிப்பு வரலை.

அதான் கேக்கறேன். வீடு, கார், நகை மூணையும் விட்டுடுங்க. உங்ககிட்ட இருக்கறதுல விலை கூடினது எது? பெருமைக்கு இல்லை, சும்மா தெரிஞ்சுக்க.

சிரிச்சமுகம்

நாலு பல். ஒவ்வொண்ணும் 38,000. தாடை எலும்புல டைட்டானியம் திருகு முடுக்கி, மூணு மாசம் காயவிட்டு, மேல தொப்பி மாட்டினாங்க. நாலையும் பெருக்கிப் பார்த்தா என் ஸ்கூட்டரைவிட அதிகம்.

தாள்ல எழுதறதுன்னா, வைத்திருக்கும் இடம்: கீழ்த்தாடை, வலதுபக்கம். முறுக்கு சாப்பிட உட்கார்ந்தா என் பொண்டாட்டி "பார்த்துங்க, ஒன்றரை லட்சம்"னு சொல்றா. சாப்பிட்ட மாதிரியே இல்லை.

தோட்டத்துக்காரன்

எங்களுது அன்னூர் – அவிநாசி ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு ஊருங்க. நாலே முக்கால் ஏக்கரா, தென்னை. காருன்னு ஒண்ணு இருக்குது, பழசு, 1,80,000க்கு வாங்குனது. அதை உட்டுட்டுச் சொல்லுன்னா, என்கிட்ட இருக்கறதுலயே விலை கூடுனது ஒரு ஓட்டைங்க. ஆறரை இஞ்சு அகலம், 1,180 அடி ஆழம். போர்வெல்லு.

வெளையாட்டுக்குச் சொல்லலீங்க, கணக்கு வெச்சிருக்கறேன்.

எங்க அப்பாரு (தாத்தா) காலத்துல ஒரு கெணறு வெட்டுனாங்க. எழுவது அடி. கடப்பாரையும் வெடியும் வெச்சு வெட்டி, மாடு பூட்டிக் கவலை ஓட்டி எறைச்ச கெணறு. அது பங்காளிக மூணு குடும்பத்துக்குப் பொது. அதுல தண்ணி வத்த வத்த, 2003ல எங்கய்யன் (அப்பா) மொத போர் போட்டாரு. 450 அடி, எல்லாஞ் சேத்து 31,000. ரெண்டு இஞ்சுத் தண்ணி (வர்ற தண்ணியை நாங்க இஞ்சுக் கணக்குலதான் சொல்லுவோம்), பத்து வருசம் ஓடுச்சு. 2013ல அது நின்னு போச்சு. ரெண்டாவது போட்டோம், 720 அடி, 68,000. வெறும் பொகை.

பொகைன்னா வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாதுங்க. நம்ம பக்கம் பூராம் பாறை. ஆத்துப் படுகையாட்ட மணல்ல தண்ணி நிக்கற பூமி இல்லை. பாறையில எங்காச்சும் கீறல் இருந்தா அதுக்குள்ள இருக்கறதுதான் தண்ணி. போர் போடற வண்டி காத்தை அழுத்தி உள்ள அனுப்பி, அடிச்சு நொறுக்குன கல்லை மேல ஊதித் தள்ளும். கீறல் கெடைச்சா சேறா வரும், அப்பறம் தண்ணி பீச்சும். கெடைக்கலீன்னா மாவாட்ட வெள்ளைப் புழுதி. அதைத்தான் பொகைங்கறது. எனக்கு முப்பதடி தள்ளி வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கறவருக்கு 600 அடியில மூணு இஞ்சு. அவரு பாறை கீறியிருக்குது, என் பாறை கீறலை. அவ்வளவுதான்.

2016ல ஐப்பசி மழை சுத்தமாப் பொய்ச்சுது. 2017 ஜனவரி 10ந் தேதி தமிழ்நாடு பூராவும் வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சுருச்சு. மரம் ஓலை தொங்கி, குரும்பை பூராம் உதுருது. மாசி மாசம் மூணாவது போருக்கு வண்டி வரச் சொன்னேன். திருச்செங்கோட்டு வண்டி. தேங்காயை உள்ளங்கையில வெச்சு நீரோட்டம் பாக்கறவரு ஒருத்தரு வந்து, தேங்காய் நட்டுக்கா நிக்கற எடத்துல சுண்ணாம்பு போட்டுட்டு 3,000 வாங்கிட்டுப் போனாரு.

பொழுதோட ஆறு மணிக்கு ஆரம்பிச்சாங்க. ஒரு ராடு இருவது அடி. ஒவ்வொரு ராடு எறங்கும்போதும் நான் ஒரு கூழாங்கல்லை எடுத்து வரப்பு மேல வரிசையா வெச்சுட்டே வந்தேன். பதினாலாவது கல்லுல, 280 அடியில, பொகை நின்னு ஈரம் வந்துச்சு. கட்டில்ல உக்காந்திருந்த அத்தனை பேரும் எந்திரிச்சோம். எங்கம்மா கைகூட எடுத்துக் கும்பிட்டுச்சு. கால் மணி நேரம். மறுபடியும் பொகை.

வெலை எப்பிடின்னா, 300 அடி வரைக்கும் அடிக்கு 70 ரூபாய். அதுக்கு மேல ஒவ்வொரு நூறு அடிக்கும் பத்துப் பத்து ரூபாய் ஏறும். கீழ போகப் போக காத்து பத்தாது, டீசல் குடிக்கும், அது ஞாயந்தான். ஆனா அந்த எடத்துல நிக்கறவனுக்கு அந்தக் கணக்கு செய்யற வேலை வேறைங்க. 500ல நிறுத்துனா 38,000 போச்சு. 700ல நிறுத்துனா 59,000 போச்சு. இவ்வளவு போட்டாச்சு, இன்னொரு நூறு பாத்தர்லாம்னு தோணும். அஞ்சு ராடுக்கு ஒருக்கா டிரைவர் வந்து, "அண்ணா, ஓட்டலாமா, நிறுத்தலாமா?"ன்னு கேப்பான். அவன் கேக்கறதும் ஞாயந்தான். ராடு மாட்டற பையன் சத்தீஸ்கர்க்காரன், பத்தொம்பது இருவது வயசிருக்கும், தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளை. அவனுக்குத் தெரிஞ்ச தமிழ் ரெண்டே வார்த்தை. "தண்ணி", "இல்ல".

நாப்பதாவது கல்லு வெச்சப்ப எங்க வூட்டுக்காரி பக்கத்துல வந்து, "போதும்னு சொல்லீருங்க"ன்னா. நான் கேக்கலை. 52 கல்லு. 1,040 அடி. விடியக்காலம் நாலு மணிக்கு நிறுத்துனாங்க. ராடு ஓட்டுனது 1,04,000, மேல மண்ணு சரியாம எறக்கற கேசிங் பைப்பு அறுவது அடி 18,000. ஆக 1,22,000. வண்டி போனதுக்கப்பறம் காதுல ரீங்காரம் நிக்கவே இல்லீங்க. தென்னை ஓலை மேல எல்லாம் புழுதி படிஞ்சு, மார்கழிப் பனி பேஞ்ச மாதிரி நெம்ப அழகா இருந்துச்சு. அதைப் பாத்துத்தான் எனக்கு அழுகை வந்துச்சு.

சித்திரையில நாலாவது. இந்தத் தடவை கூட்டுறவு சொசைட்டியில நகைக்கடன். தேங்காய்க்காரரைக் கூப்பிடலை. 1,120 அடியில ஒரு இஞ்சு கெடைச்சுது. தண்ணி தேங்கி நிக்கட்டும்னு இன்னும் மூணு ராடு ஓட்டி 1,180ல நிறுத்துனோம். வூட்டுக்காரி மொதத் தண்ணியைக் கையில புடிச்சுப் பாத்துட்டு, "சுடுதுங்க"ன்னா. ஆமாங்க, அவ்வளவு ஆழத்துத் தண்ணி வெதுவெதுன்னுதான் வரும். உப்பும் இருக்குது. தென்னை தாங்கும்.

அந்தப் போருக்கு 1,43,800. மோட்டார், பைப்பு, கேபிளு, ஸ்டார்ட்டருக்கு 2,85,000. நாலு போருக்கும் மோட்டாருக்கும் கூட்டுனா 6,49,800. ஓடறது ஒண்ணுதான், ஆனா அது கெடைக்கறதுக்கு மத்த மூணும் போட வேண்டியதாப் போச்சு, அதனால நான் சேத்துத்தான் சொல்லுவேன். உங்க தாள்ல வைத்திருக்கும் இடம்னு கேட்டிருக்குதுங்களே, அதுக்கு என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியலை.

வேளச்சேரி வாசி

அண்ணா, ஏசியைப் பத்திப் புலம்பினதுக்கு வெட்கமா இருக்கு. அந்த ஒரு இஞ்சு நாலே முக்கால் ஏக்கருக்குப் போதுமா? காய்ஞ்சு போன மூணு ஓட்டையும் இப்போ என்ன ஆச்சு?

கணக்குப்பிள்ளை

தோட்டத்துக்காரர் கோவிச்சுக்கக் கூடாது. வங்கியில முப்பத்தொரு வருஷம் விவசாயக் கடன் பார்த்தவன்ங்கற முறையில சொல்றேன். போர்வெல்லை எப்படிப் 'பொருள்'னு சேர்ப்பீங்க? விக்க முடியாது, நகர்த்த முடியாது, அடகு வைக்க முடியாது. தண்ணி நின்னுட்டா மதிப்பு பூஜ்ஜியம். என் கணக்குல அது சொத்து இல்லை, செலவு. மோட்டாரும் கேபிளும் மட்டும்தான் பொருள். அதுக்கு இன்சூரன்ஸும் உண்டு. விவசாய பம்புசெட்டுக்குன்னே தனி பாலிசி இருக்கு. தீ, திருட்டு, மோட்டார் காயில் எரிஞ்சு போறது எல்லாம் அதுல வரும். ஓட்டைக்கு வராது.

திருநகர் டீச்சர்

எங்க வீட்டுல அது என் மகள் காதுக்குப் பின்னாடி இருக்கு.

பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. மூணு வயசுல காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது காது கேட்க உள்ளே கருவி வைக்கிற ஆபரேஷன். ஆறு வயசுக்குள்ள இருந்ததால முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயே நடந்துச்சு, எங்களுக்கு அப்ப பெரிய செலவு இல்லை. உள்ளே எலும்பை ஒட்டி வெச்சது அப்படியே இருக்கும். சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்ப வெளியே மாட்டுற பிராசஸர்தான் தேயும், நனையும், விழும், உடையும். வாரண்டி முடிஞ்சு அது போனப்ப புதுசுக்கு 3,40,000 ஆச்சு. அது போக, தலையில காந்தத்தோட ஒட்டுற வட்டத்துக்கு வர்ற சின்ன ஒயர் இருக்கே, அது வருஷத்துக்கு ஒண்ணு கணக்கா அறுந்துடும்.

காலையில ஸ்கூலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அவளைத் திரும்பி நிக்க வெச்சு ஆறு சத்தம் சொல்லுவேன். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். கேட்டுத் திருப்பிச் சொல்லணும். 'ஸ்' வரலைன்னா எங்கயோ கோளாறுன்னு அர்த்தம். மழைநாள்ல பை, அதுக்குள்ள டப்பா, டப்பாக்குள்ள ஈரம் உறிஞ்சுற மணி. பார்க்குல பிளாஸ்டிக் சறுக்குமரத்துல ஏறணும்னா கழட்டிக் கொடுத்துட்டுத்தான் ஏறணும், உராய்வுல வர்ற கரண்ட் அதுக்கு ஆகாது. அந்த நேரம் நான் எவ்வளவு கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

குளிக்கப் போகும்போது கழட்டி, காந்தம் இருக்கறதால பீரோக் கதவுல 'டப்'புனு ஒட்டிட்டுப் போயிடுவா. பீரோவுக்குள்ள பூட்டி வெச்சிருக்க என் நகை ரெண்டு லட்சத்துக்குத் தேறாது. கதவுக்கு வெளியே மூணு லட்சத்து நாப்பதாயிரம் தொங்கிட்டிருக்கும்.

கணக்குப்பிள்ளை சார், இதையும் விக்க முடியாது. வேற யார் தலைக்கும் செட் ஆகாது, இவளுக்குன்னே அளவு வெச்சு ஏத்தினது. இதுவும் செலவுக் கணக்குலதான் வருமா?

கணக்குப்பிள்ளை

டீச்சரம்மா, நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது. ஆனா உங்களோடதுக்கு இன்சூரன்ஸ் கண்டிப்பாக் கேட்டுப் பாருங்க. தொலைஞ்சு போறதுக்கும் சேர்த்துத் தர்றாங்களான்னு எழுத்துல வாங்குங்க.

தோட்டத்துக்காரன்

டீச்சர், பாப்பா அந்தச் சறுக்குமரத்துல இருந்து எறங்கறதுக்கு எவ்வளவு நேரமாக்குவான்னு எனக்கு இங்கிருந்தே தெரியுதுங்க.

கணக்குப்பிள்ளை அண்ணா, கோவமெல்லாம் இல்லீங்க. ஆனா நீங்க முப்பத்தொரு வருசம் கடன் குடுத்தவரு, எங்க பத்திரத்தைப் படிச்சிருப்பீங்களே. 'கிணற்றில் மூன்றில் ஒரு பாகமும், அதில் பொருத்தப்பட்ட மோட்டாரும், மின் இணைப்பு எண் இன்னதும்'னு எழுதித்தான் பாகம் பிரிக்கறோம். தண்ணி இருந்தாத்தான் எங்க பக்கம் அதுக்குத் தோட்டம்னு பேரு. மானம் பாத்த பூமின்னா காடு. ரெண்டுக்கும் ஒரே சர்வே நம்பர், ஒரே மண்ணு, வெலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நான் 2017ல 1,120 அடியில கண்டுபுடிச்சது தண்ணி மட்டுமில்லீங்க. மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் காட்டுக்காரனா இருந்துட்டு மறுபடியும் தோட்டத்துக்காரனானேன். இந்தப் பேரு கூட அப்ப வெச்சதுதான்.

வேளச்சேரித் தம்பி கேட்டதுக்கு வர்றேன். ஒரு இஞ்சு பத்தாதுங்க. நேரா மரத்துக்கு உட முடியாது. ராப்பகலா தொட்டியில ரொப்பி, காலையில சொட்டு நீர்ல உடறோம். இருந்தது 140 மரம், அந்த வருசம் 58 பட்டுப் போச்சு. மோட்டார் ரிப்பேர்னா வண்டி வெச்சுத்தான் தூக்கணும், ஆயிரத்துச் சொச்சம் அடிப் பைப்பை ஒண்ணொண்ணாக் கழட்டி வரப்பு நெடுகப் போடணும். ஒருக்காத் தூக்கி எறக்குனா 12,000.

மத்த ஓட்டைகளைப் பத்திச் சொல்றதுக்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்குது. தண்ணி இல்லாத ரெண்டு குழி மேலயும் சாக்கைச் சுருட்டி அமுக்கி, மேல ஒரு கல்லை வெச்சிருந்தேன். அவ்வளவுதான். 2019 அக்டோபர்ல, தீபாவளிக்கு ரெண்டு நாள் முந்தி, மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில ரெண்டு வயசுப் பையன் போர்க்குழிக்குள்ள போயிட்டான். நாலு நாள் டிவியை யாரும் அணைக்கலை. மொத நாள் ராத்திரியே டார்ச்சு எடுத்துட்டுத் தோப்புக்குப் போனேன். ஒரு குழி மேல இருந்த கல்லு நகந்து கெடந்துச்சு. மாடு தட்டுச்சா என்னன்னு தெரியாது. சாக்கு மக்கி உள்ள போயிருந்துச்சு. என் தம்பி பையனுக்கு அப்ப வயசு மூணு, அந்த வரப்புலதான் டயர் உருட்டுவான்.

அப்பறந்தான் விசாரிச்சேன். கைவிட்ட போர்க்குழியை அடியிலிருந்து மேல வரைக்கும் மண்ணோ கல்லோ போட்டு மூடோணும்னு சுப்ரீம் கோர்ட்டு 2010லயே சொல்லியிருக்குதுங்க. ரெண்டு குழிக்குஞ் சேத்து நாலு யூனிட்டு, அதாவது நானூறு கன அடி, சாப்பிட்டுச்சு. மழையில கரைஞ்சது போகக் கெடந்த அதே வெள்ளைப் புழுதியும் சரளையும். நடுவுல அடைச்சு நின்னுக்கக் கூடாதுன்னு தண்ணி ஊத்தி ஊத்தி எறக்குனோம். தண்ணி வராத குழிக்கு நான் ட்ராக்டர் டேங்கர்ல தண்ணி வாங்கி ஊத்துனேன். அந்தக் காசை மேல சொன்ன 6,49,800ல சேக்கலை. வரப்பு மேல வெச்ச 52 கல்லும் அதோட உள்ள போயிருச்சு, எங்கம்மாதான் பொறுக்கிப் போட்டுச்சு. எங்கய்யன் போட்ட மொத போரை மட்டும் மூடலை. சுத்தியும் சல்லியும் மணலும் போட்டு, மழைத்தண்ணி வடிஞ்சு உள்ள எறங்கற மாதிரி பண்ணி, வாய்க்கு இரும்பு மூடி போட்டு வெல்டிங் வெச்சாச்சு.

இன்னொரு சங்கதி. அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17ந் தேதி தொறந்தாங்கல்ல. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ பவானி உபரித் தண்ணியை ஆறு எடத்துல பம்பு பண்ணி, 1,045 குளம் குட்டைக்கு உடறாங்க. எங்க அப்பாரு காலத்துலயிருந்து கேட்டுட்டு இருந்தது. அதுல எங்க ஊர்க் குட்டையும் ஒண்ணு. அடுத்த வருசம் தை மாசம் ஒரு நா காலையில பழைய கெணத்தை எட்டிப் பாத்தா, கீழ மினுமினுன்னு தண்ணி. புறாக் கூட்டுக்குக் கீழ ஒரு ஆள் ஒசரம். எழுவது அடிக் கெணறு. நான் 1,180 அடி வரைக்கும் தேடுனது.

சந்தோசந்தானுங்க. ஆனா பத்து வருசமா கெணத்துல தண்ணி இல்லாததால பங்காளிகளுக்குள்ள சண்டையும் இல்லாம இருந்துச்சு. இப்ப தண்ணி வந்துருச்சு, மொறைச் சண்டையும் வந்துருச்சு. மூணு நாளைக்கு ஒருக்கா ஒருத்தருக்கு மொறை. எனக்கு இன்னைக்கு ராத்திரி ஒம்பது மணியிலிருந்து. சித்தப்பா பையன் மோட்டாரை நிறுத்தறதுக்கு எப்பவும் ஒம்பதேகால் ஆக்குவான். மணி ஒம்பதாச்சு, சத்தம் இன்னும் கேக்குது. போயிட்டு வந்தர்றேனுங்க.